உறங்கி எழுந்த கணினியின் கடிகாரம்

பொம்மனஹள்ளியில் இருந்த எங்கள் அலுவலகம் விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருளை விற்றது. ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினிதான் விர்ச்சுவல் மெஷின். பேக்கப் எடுக்க அதைச் சற்று நிறுத்தினால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். மறுபடி ஓடத் தொடங்கும்போது பழைய நேரத்தையே காட்டும். அதைச் சரிசெய்யும் பகுதியை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது.

சிலருக்கு நேரம் உடனே தாவ வேண்டும். சிலருக்கு மெல்ல மெல்ல எட்டிப்பிடிக்க வேண்டும். கடிகாரத்தைத் தொடவே கூடாது என்பவர்களும் உண்டு. நாளை யார் என்ன கேட்பார்களோ! அதனால் புதுப்புது முறைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளும்படி ஓர் இன்டர்ஃபேஸை, அதாவது எந்த முறையையும் செருகிக்கொள்ள ஒரு பொது இணைப்பை, வரைந்து எடுத்துப்போனேன். மேனேஜர் பாதியிலேயே நிறுத்தினார்.

"எதுக்கும்மா இவ்ளோ சுத்தறே? ஒரே ஜம்ப், சரியான டைமுக்குப் போயிடணும். ரிலீஸ் பக்கத்துல வந்தாச்சு."

வாதாடிப் பார்த்தேன். பலிக்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதினேன்.

சில மாதங்களில் பீன்யாவிலிருந்து புகார் வந்தது. இரும்பு உதிரிபாகங்களை உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலை. உலையைக் கண்காணிக்கும் மென்பொருள் எங்கள் விர்ச்சுவல் மெஷினில் ஓடியது. பேக்கப் முடிந்து கடிகாரம் தாவியதும், இத்தனை நேரமாக வெப்ப அளவே வரவில்லை, கருவி பழுது என்று அது முடிவுகட்டி உலையை அணைத்துவிட்டது. உள்ளே இருந்த சரக்கு முழுவதும் வீண்.

என்னை அங்கே அனுப்பினார்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். நான் தமிழ் பேசியதும் ஓரமாக அழைத்துப்போனார்.

"மேடம், நான் எதையும் தொடலை. ஆனா தூங்கிட்டேன்னு சொல்றாங்க. உங்க சாஃப்ட்வேரால தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்களேன்."

"கேட்டுச் சொல்றேண்ணா."

வெளியே வந்து மேனேஜருக்குப் போன் செய்தேன். "எழுத்துல எதுவும் குடுத்துடாதம்மா. லீகல்ல பாத்துக்குவாங்க" என்றார்.

திரும்பிப் போனபோது சூப்பர்வைசர் எனக்கு டீ சொல்லி வைத்திருந்தார். "உலை ஓடறப்ப பேக்கப் எடுக்காதீங்கண்ணா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

"அது என் கையில இல்லையே மேடம்" என்றார்.

தவறு நம்முடையதுதான் என்று அன்று மாலையே மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் அடுத்த வாரம், நேரத்தை மெல்ல நகர்த்தும் ஆப்ஷன் ஒன்றை அந்தத் தொழிற்சாலைக்கு மட்டும் அவசரமாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டு பீன்யாவுக்குப் போன் செய்தேன். வேறு குரல் எடுத்தது.

"அந்த சூப்பர்வைசரா? அவர வேலையை விட்டு நிறுத்திட்டாங்க மேடம். நீங்க சொல்லுங்க, எதை அமுக்கணும்?"

சொல்லிக்கொடுத்தேன்.