பின்வரிசைக்காரிகள் பார்த்த தொப்பி

ஹெஸ்டர் குவில் கட்டிய தொப்பிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய லட்லோ ஊர்ப் பெண்கள், கடைக்கு டார்கஸ் வேலைக்கு வந்தபின் "புதுப் பெண் கட்டியது இருக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். டார்கஸ் ரிப்பனை ஒரே சுழற்றில் பூவாக்கி இரண்டு தையலில் நிறுத்திவிடுவாள். ஹெஸ்டர் மூன்று தடவையாவது அவிழ்த்துக் கட்டுவாள். டார்கஸின் கையைப் பார்க்கப் பார்க்க ஹெஸ்டருக்கு வயிறு எரிந்தது.

ஈஸ்டரன்று எந்தத் தொப்பியை ஊர் மெச்சிப் பேசுகிறதோ, அதைக் கட்டியவளுக்கே தையலறைப் பொறுப்பு என்று கடைக்காரி பார்ஜிட்டர் அம்மாள் சொல்லியிருந்தாள். பொறுப்போடு மாடியில் தனி அறையும் உண்டு. பரணில் இன்னொருத்தியின் குறட்டையோடு ஒரே கட்டிலில் படுத்தே பாதி ஆயுள் போன ஹெஸ்டருக்கு அந்த அறைமேல் உயிர்.

மேயர் மனைவிக்குத் தொப்பி கட்டும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். நல்ல வெல்வெட், நெருப்புக்கோழி இறகு, பட்டு ரோஜா எல்லாம் அவள் மேசைக்குப் போயின. மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கட்ட டார்கஸுக்கு மிஞ்சியது வைக்கோல் தொப்பியும் கொஞ்சம் மஞ்சள் துணிப்பூக்களும். அவள் அவற்றைத் தொப்பியின் பின்பக்கம், பிடரியை மறைக்கத் தொங்கும் சுருக்குத் துணிக்கு மேலே வைத்தாள்.

"பின்னாடி எதுக்குடி பூ? அவளுக்குப் பிடரியிலயா கண்ணு?" என்றாள் ஹெஸ்டர்.

"அவளுக்கு இல்லக்கா. பின்னாடி உக்கார்றவளுக்கு இருக்குல்ல."

ஹெஸ்டர் இதுவரை கண்ணாடிக்கு எதிரே நிற்கும் முகத்துக்கே தொப்பி கட்டியவள். ஈஸ்டரன்று கடைப் பெண்களோடு கோயில் மேல்தளத்தில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். பிரசங்கம் முழுக்கப் பின்வரிசைக்காரிகளின் கண்கள் மஞ்சள் பூக்களை மேய்ந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேயர் மனைவியின் ரோஜாக்களைப் பார்க்கப் பாதிரியார் மட்டுமே இருந்தார்.

பொறுப்பும் மாடியறையும் டார்கஸுக்குப் போயின. மறுநாளே மேயர் மனைவியின் தொப்பி திரும்பி வந்தது. பின்பக்கம் மொட்டையாக இருக்கிறதாம்.

"குடுங்கக்கா, நான் வெச்சுத் தரேன்," என்றாள் டார்கஸ்.

"என் வேலையில கை வெக்காத."

ஹெஸ்டர் தையலைப் பிரித்துப் பூக்களை வைத்தாள். அவிழ்க்கவே நேரவில்லை, ஒரே தடவையில் அமைந்துவிட்டது. அந்தப் பக்கமாக வந்த பார்ஜிட்டர் அம்மாள்கூட நின்று, நன்றாயிருக்கிறது என்றாள். அது ஹெஸ்டர் காதில் ஏறவில்லை. டார்கஸ் பார்த்தாளா என்றுதான் நிமிர்ந்தாள்.

டார்கஸின் நாற்காலி காலி. தலைக்கு மேலே, மாடியறையில், பெட்டியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.