சூடு கூடிவிட்டதா என்று கேட்டவள்

கமலாசனியின் கைக்குக் கண்டியில் ஒரு பெயர் இருந்தது. பிள்ளை பெற்று வயிறு தளர்ந்த பெண்களும், தாடைக்குக் கீழே தோல் தொங்கத் தொடங்கிய பெண்களும் பேராதனை வீதிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இருந்த அந்த மாடி அறையைத் தேடி வருவார்கள். அங்கே கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெட்டியும், அதிலிருந்து நீளும் வயரும், அதன் நுனியில் உள்ளங்கைக்கு அடக்கமான ஒரு பிடியும்தான். பிடியிலிருந்து புறப்படும் ரேடியோ அலை தோலுக்கு அடியில் போய்ச் சூடாக்கும். அந்தச் சூட்டில் தோல் கிழமைகள் போகப் போக இறுகும். வழவழப்பான ஜெல்லைப் பூசி, பிடியை வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டால் தோல் வெந்துபோகும். கமலாசனியின் கை நின்றதை யாரும் கண்டதில்லை.

அந்த வேலையை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து சின்ன வயதில் கண்டிக்கு வந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் முழங்கால் வலிக்காரருக்குச் சூட்டு மெஷின் பிடிக்கும் பகுதியில் உதவியாளாக நின்று, கண்ணால் பார்த்தே பழகிக்கொண்டாள். யாருக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்பது முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு விளங்கும். அப்படி ஒரு கை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பிறகு ஓர் அழகு நிலையத்தில் சேர்ந்தாள். இரண்டாயிரத்து ஆறில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. கொழும்பில் ஒரு குண்டு வெடித்த மறுநாள், கட்டிலில் படுத்திருந்த பெண் ஒருத்தி அவளுடைய பெயரைக் கேட்டாள். அது தமிழ்ப் பெயர் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, வேறு பெண் இல்லையா என்றாள். அந்தக் கிழமை முடிவதற்குள் கமலாசனிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மடவளையிலிருந்து தினமும் வந்துபோகும் பாயிஸா, அந்த மாடி அறையின் சொந்தக்காரி, அவளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"இங்க ஆர்மிக்காரங்கட வைஃப்மாரும் வாரவங்க. கமலா எண்டா சிங்களத்திலயும் ஈக்கிற பேருதானே, அதோட நிப்பாட்டிக்கோங்க. ரூமுக்குள்ள சிங்களம் மட்டும். நான் பொய் பேசச் செல்ல இல்ல, வாயப் பொத்திக்கோங்க எண்டுதான் செல்றன்" என்றாள் பாயிஸா.

கமலாசனியின் சிங்களம் சுத்தமானது. பெயரின் பாதியை அலுமாரியில் வைத்துப் பூட்டியது போல வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

இருப்பிடம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் பின்னறை. வீட்டுக்காரம்மா நல்ல மனுஷிதான், தமிழர் தங்குவதைப் பொலிசில் பதிய வேண்டும் என்றபோதுகூடத் தானே வந்து நின்றாள். ஆனால் அறைக்கதவு சாத்தியதும் அந்தப் பக்கம் டிவி, இந்தப் பக்கம் மௌனம். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். அண்ணன் சோதிலிங்கம் வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் ஃபோன் எடுக்கும் நாளில் மட்டும் அவளுடைய வாயில் தமிழ் வரும். நாள் முழுவதும் ஊரார் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தவளின் தோளில் கை வைக்க ஒருவரும் இல்லை.

ஒருத்தி இருந்தாள். மல்காந்தி. சிங்களப் பெண், கணவன் வன்னிப் போர்முனையில் ஆர்மி அதிகாரி. நித்திரை வராமல் இரவிரவாகத் தின்று உடம்பு வைத்துவிட்டது என்று தன்னைத்தானே பகிடி பண்ணிக்கொண்டு வந்தவள். முதல் நாளே "கமலா நங்கி" என்று தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டாள். சித்திரை வருஷத்துக்குக் கொக்கிஸ் பலகாரம் கட்டிக் கொண்டுவந்தாள். வயிற்றில் பிடி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லுவாள். கணவன் எந்த முகாமில் நிற்கிறான், எப்போது லீவில் வருகிறான், எந்த வாகனத்தில் வருகிறான், கடைசியாகப் பேசும்போது அவனுடைய குரல் எப்படி இருந்தது. சொல்லி முடித்து, போகும்போது கமலாசனியின் தோளைத் தட்டிவிட்டுப் போவாள். அந்தத் தட்டலுக்காகவே கமலாசனி அவள் வரும் செவ்வாய்க்கிழமைகளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரின் மற்றப் பாதி வெளியே வந்தால் வேலையோடு அதுவும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை. மல்காந்தி, சூடு பிடித்து முடிந்து, முகத்தில் குளிர்ந்த பூச்சோடு திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் புதிதாக ஒரு பெண். பெயரை "மிஸஸ் சரோ" என்று சுருக்கிச் சொல்லிப் பதிந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. சேலையைத் தளர்த்திவிட்டுப் படுத்த விதம், கையை நெஞ்சில் வைத்துக்கொண்ட விதம், காதில் கிடந்த பழைய தோடு. பார்த்த உடனே கமலாசனிக்குத் தெரிந்துவிட்டது. இது எங்கட ஆள்.

திரை மெல்லிய துணி. அப்பால் மல்காந்தி இருமினாலும் கேட்கும்.

தோலின் சூட்டைப் பார்க்கும் சின்னக் கருவி பழுதாகி, திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தது. அது வரும்வரை படுத்திருப்பவரின் வாய்வார்த்தைதான் அளவு. கமலாசனி ஜெல்லைப் பூசி, பிடியை ஓட்டத் தொடங்கினாள். "ரஸ்னெ வெடித?" என்று சிங்களத்தில் கேட்டாள். சூடு கூடவா என்று அர்த்தம்.

"ஹொந்தய்" என்றாள் அந்தப் பெண். நல்லம் என்று அர்த்தம்.

சற்றுப் பொறுத்துக் கமலாசனி திரும்பவும் கேட்டாள். "ஹொந்தய்." சூட்டை ஒரு படி கூட்டிவிட்டுக் கேட்டாள். "ஹொந்தய்." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கண்டிப் பட்டணத்தில் எத்தனை பஸ்ஸும் கடையும் கடந்திருப்பாளோ. கமலாசனிக்கு அது விளங்காமல் இல்லை. குனிந்து காதோடு ஒரு சொல் தமிழில் கேட்டிருக்கலாம். திரையைப் பார்த்தாள். கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். எந்த முகத்திலும் சூட்டைப் படிக்கிறவளுக்கு அந்த முகம் ஒன்றும் காட்டவில்லை. அது பல வருஷமாகச் சோதனைச் சாவடிகளில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகிய முகம்.

வயிற்றின் கீழ்ப்பக்கத்தில் ஜெல் காய்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் கால்விரல்கள் மடங்கியபோதுதான் கமலாசனி கண்டாள். பிடியைத் தூக்கினாள். தோலில் சிவப்பாக ஒரு வட்டம், அதன் நடுவில் நீர்கோத்துக்கொண்டு ஒரு கொப்புளம்.

"ஐயோ அக்கா! சுட்டுப்போட்டன். ஏன் சொல்லேல்லை? சுடுது எண்டு ஏன் ஒரு சொல் சொல்லேல்லை?"

அவளுடைய குரல் அறை முழுவதும் கேட்டது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். கண்ணால் நீர் ஓடிற்று.

"நீங்கள் தமிழோ?" என்றாள் மெல்ல. "எனக்குச் சிங்களம் தெரியாது பிள்ளை. திரைக்கு அங்காலை ஆரோ படுத்திருக்கினம். வாயைத் திறக்கப் பயமாக் கிடந்தது."

"என்ரை பிழைதான் அக்கா. நான் கேட்டிருக்க வேணும்."

"உன்ரை பிழை இல்லை. இந்த வயசிலை எனக்கு வயிறு இறுகோணும் எண்ட ஆசை வேறை. லண்டன்காரி தங்கச்சி பிறந்தநாளுக்கெண்டு பிடிச்சுத் தள்ளிவிட்டாள்." வலியோடு சிரித்தாள். "சரோஜினிதேவி என்ரை பேர். தெல்தெனியாவிலை இருக்கிறம், அவர் அங்கை எஞ்சினியர். நீ எந்த ஊர்?"

"மானிப்பாய்."

"அட, நான் சுன்னாகம்."

திரை விலகியது. முகத்தில் வெள்ளைப் பூச்சோடு மல்காந்தி நின்றாள். கொப்புளத்தைப் பார்த்தாள், கமலாசனியைப் பார்த்தாள். முன்னறைக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். துணியை நனைத்துப் போடும்வரை நின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். தோளைத் தட்டவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. பாயிஸாவுக்கு ஃபோன் எடுத்திருந்தாள். பாயிஸா கதவைச் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த நோனா சத்தம் போட இல்ல, கமலா. சத்தம் போட்டா நானும் போட்டிருப்பன். அழுதாங்க. ரெண்டு வருஷமா அவட மாப்பிள்ள வாற போற பாதையெல்லாம் ஒங்களுக்குச் சென்னாங்களாம். நீங்க ஒண்டும் செஞ்சிருக்க மாட்டீங்க எண்டு அவங்களுக்குத் தெரியுமாம். ஆருக்கும் செல்லவும் மாட்டாங்களாம். ஆனா அந்தக் கட்டில்ல இனிப் படுக்கேலாவாம்."

கமலாசனி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அதுகளை மனசிலைகூட வைச்சிருக்கேல்லை, மிஸ்."

"அல்லாஹ்வுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்." பாயிஸா பெருமூச்சு விட்டாள். "ஆனா கடைய நடத்தோணுமே. இனி ஆர்மி வைஃப்மார் வார செவ்வாய், புதன் நான் நிக்கிறன், கம்பளைப் புள்ள ஒண்டப் பழக்கி எடுப்போம். வியாழன்ல இருந்து நீங்க வாங்க, ஒங்கட முழுப் பேரோட. தமிழ் ஆக்களும் எங்கட பொம்புளைகளும் அந்த நாள்ல வரட்டும். ஒங்கட கை எனக்கு வேணும், அத விட்டுப்போட்டு எங்க போற?"

வியாழக்கிழமை முதல் ஆளாகச் சரோஜினிதேவி வந்தாள், சுட்ட இடத்துக்கு மருந்து போட்டுக்கொள்ள. மடவளையிலிருந்து ஹிதாயா என்ற கல்யாணப்பெண்ணும் வந்தாள். அறையில் சிரிப்பும் கதையும் நிறைந்திருந்தன. கமலாசனிக்கு நாக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமைகள்தான் நீண்டு கிடந்தன. அப்படி ஒரு செவ்வாய் மத்தியானம், பின்னறைக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஃபோன் எடுத்தார்.

"என்ன, வேலையிலை இல்லையோ?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கொப்புளத்தையும் கிண்ணத்தையும் சொன்னாள். மறுமுனையில் சைக்கிள் கடைச் சத்தம் அடங்கியது.

"கத்தினது சரிதான்" என்றார் சோதிலிங்கம். "ஒருத்திக்கு நோகேக்கை உன்ரை வாயிலை தமிழ் வந்தது. அதிலை எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. பெருமைதான்."

"அவ என்னை நங்கி எண்டு கூப்பிட்டவ, அண்ணை."

கடையில் யாரோ அண்ணனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் ஃபோனை வைத்துவிடப் போகிறார் என்று பயந்து, அவள் அவசரமாக வவுனியாவில் மழையா என்று கேட்டாள். இல்லை, நல்ல வெயில் என்றார். மத்தியானம் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார், பருப்பிலிருந்து.