காவ்ரிலின் மல்யுத்தத் தபால்தலை

எங்கள் மாடிவீட்டுக் காவ்ரில் முப்பது வருஷம் கடைசல் இயந்திரம் ஓட்டியவர். பெண்சாதி விட்டுப் போனாள். ஒலிம்பிக் தபால்தலைப் பைத்தியம் விடவில்லை. ஒலிம்பிக் தொடங்குகிற அன்றே புதுத் தபால்தலையை உறையில் ஒட்டி, அந்தத் தேதி முத்திரை வாங்கியாக வேண்டும். மறுநாள் முத்திரை அவருக்குக் குப்பை.

இந்தத் தடவை ஒலிம்பிக் தொடங்கிய அன்று எங்கள் ஊர் ப்ளோவ்டிவ் தபால் நிலையத்தில் அவருக்குப் பின்னால் நான், கடற்கரை ஊரான வர்ணாவில் இருக்கும் மகளுக்கான பார்சலோடு நின்றேன். முத்திரை குத்துகிற ஸ்த்ராவ்காவிடம் மல்யுத்தக்காரன் படம் போட்ட புதுத் தலை ஒட்டிய உறையை நீட்டினார்.

"ஸ்த்ராவ்கா, மல்யுத்தக்காரன் முகத்துல மை படக்கூடாதும்மா. ஓரமா, மெதுவா."

"ஏண்ணே, நான் என்ன குழந்தைக்கா மை வைக்கிறேன்?"

ஐந்து தடவை சொன்னார். அவளும் சலித்துப்போய்த் தொட்டும் தொடாமலும் வைத்தாள். வட்டம் விழுந்தது, தேதி விழவில்லை. மறுபடி குத்தினால் உறை கெட்டுவிடுமாம். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி ஒதுங்கினார். ஸ்த்ராவ்கா என் பார்சலை இழுத்து, கடைசியாக இருந்த மல்யுத்தத் தலையை ஒட்டி, ஆத்திரத்தில் ஓங்கிக் குத்தினாள். தேதி பளிச்சென்று விழுந்தது, முகத்தில் ஒரு பொட்டு மை இல்லை.

"தம்பி, தலை ஒட்டின அந்தத் தாளை மட்டும் கிழிச்சுக் குடேன்."

"அது என் மகளுக்குண்ணே."

பார்சல் உள்ளே போய்விட்டது. விலாசத்தைப் பார்த்து வைத்திருந்தார் மனுஷன். மறுநாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, உங்க மாடிவீட்டுக்காரர் இங்க வந்து உக்காந்திருக்கார். பார்சல் வராம போகமாட்டாராம்."

மூன்று நாள் அங்கேயே தின்றார். திரும்பி வந்ததும் வெட்டி எடுத்த தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா, கோபத்துல எப்படிக் குத்தியிருக்கா. அடுத்த தடவை வரிசையில நின்னதுமே அவளைத் திட்டிடணும்."