எலும்புக்குப் போட்ட ஊசியும் நாற்பது நாளும்

"காலை ஐந்தரை மணி, இரண்டு பேர், அந்தோணிசாமி." 2007 மார்ச்சில் என் சவாரி நோட்டில் இப்படி இருக்கிறது. திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டினேன். ஆஸ்பத்திரி சவாரி என்றால் டாக்டர் சொன்னதை ஞாபகம் வைப்பதும் டிரைவர் வேலைதான். நோயாளியோடு போய் வந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

காத்திருக்காத மருந்து

அந்தோணிசாமிக்கு விக்கிரவாண்டி பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயம். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, உட்காரவும் முடியாத வலி. கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றினால் அது வலிக்கிற எலும்பாகப் பார்த்துப் போய்ச் சேரும் என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். அவருக்கென்றே வரவழைத்த மருந்து. நாள் தப்பினால் வீரியம் போய்விடும். நாலுவழிச் சாலை வேலை நடந்த நேரம். மெதுவாக ஓட்டினால் தாமதம். வேகமாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அலறுகிறார். நான் தயங்க, பின்சீட்டிலிருந்து குரல் வந்தது:

"ஜல்தியா போப்பா. கத்துறது என் வேலை, ஓட்டுறது உன் வேலை."

மூன்று பதில்கள்

அவர் மனைவி லூர்துமேரி என்னையும் டாக்டர் அறைக்குள் இழுத்துப் போனார். டாக்டர் சொன்னது: நோய் தீராது, சில மாதம் வலி குறையும்; ஆனால் முதலில் கொஞ்சம் கூடலாம்; உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், ஒரு வாரம் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. வீட்டில் மூன்று மாதப் பேரன் இருந்தான்.

திரும்பும் வழியில், "எத்தினி நாளுப்பா சொன்னாரு?" என்று அந்தம்மா மூன்று தடவை கேட்டார். ஒரு வாரம் என்றேன். பத்து நாளோ என்றேன். கடைசியில், "எதுக்கும் கொஞ்சம் கூடவே தள்ளி இருக்கட்டும்மா" என்றேன். அவருக்கு வேறு கவலையும் இருந்தது:

"சீக்கு தீராதாம், வலி மட்டும் போவுமாம். வலிய அனுப்பிட்டு சீக்க வெச்சிக்கினு நாங்க இன்னாப்பா பண்றது?"

பம்புசெட் வாசம்

மறு பரிசோதனைக்கு அழைக்கப் போனபோது அவர் வீட்டில் இல்லை. மல்லாட்டைக் கொல்லையில் பம்புசெட் அறையில் தனித் தட்டு, தனிச் சொம்போடு தங்கியிருந்தார். வலி போய்விட்டது, குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். மருமகள் தூரத்து வரப்பில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். ஊசி போட்டு அன்றைக்கு முப்பத்தோராம் நாள். "ஒரு வாரந்தாங்க" என்று அடித்துச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"தவக்காலத்துல சாமிக்கு நாப்பது நாளு ஒறுத்துக்கினு இருக்கறோம். புள்ளைக்கு ஏழு நாளுன்னா கொறைச்சலா இல்ல?"

மருந்து சில நாளில் அடங்கிவிட்டது, எங்கள் குழப்பம் அடங்க நாற்பது நாள் ஆனது. ஆகஸ்டில் வலி திரும்பியது, 2007 நவம்பரில் அந்தோணிசாமி இறந்தார்.