ஏழாவது பாட்டுக்கு நயப்புரை

பேருந்தில் என் பக்கத்தில் இருந்த சுவிஸ் பெண்மணி குனிந்து "கைட்ஸ்?" என்று கேட்டார். பாட்டுச் சத்தம் வெளியே கேட்கிறதாக்கும் என்று மன்னிப்புக் கேட்டுக் குறைத்தேன். ஓஸ்டர்முண்டிகனில் இறங்கிய பிறகுதான் என் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. இந்த ஊர் ஜெர்மன் பேச்சில் சுகமா என்றல்லவா கேட்டிருக்கிறார்! முப்பது வருடமாகியும் இங்கே யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பாடு என்றே மனம் முதலில் நினைக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்தது கிருபண்ணையின் புதிய இறுவட்டு. நாற்பது வருடமாக ஊருக்கும் கோயிலுக்கும் பாட்டெழுதிப் பாடியவர், முதன்முறையாகத் தன்னைப் பாடியிருக்கிறார். ஒரு கித்தார், உடைந்த குரல், அவ்வளவுதான். மூச்சு வாங்குவதைக்கூட வெட்டாமல் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஏழாவது பாட்டு என் நித்திரையைக் கெடுத்துவிட்டது. "அம்மா எரிந்த அன்று என் சோற்றுக் கோப்பையில் கோழிக்கறி" என்று அது தொடங்குகிறது.

அந்தக் கறியைச் சமைத்தவன் நான். அகதி முகாமில் இருவரும் ஒரே அறை. அவருடைய தாயார் செத்த செய்தி தொலைபேசியில் என்னிடம்தான் வந்தது. மூன்று நாளில் அவருக்கு விசாரணை. சொன்னால் மனுசன் அங்கே வாய் திறக்கமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மறைத்தேன். செத்த வீட்டுத் துடக்குக்காரருக்கு மச்சமாமிசம் கொடுக்கக் கூடாதென்று தெரியாமலில்லை. மரக்கறி சமைத்தால் சந்தேகப்படுவாரென்று இன்னும் இரண்டு துண்டு போட்டேன். விசாரணை முடிந்து வந்ததும், இப்போதுதான் செய்தி வந்ததென்று சொன்னேன். பிறகு ஊர்க் கடிதத்தில் அவர் சாவுத் திகதியைப் பார்த்திருப்பார். ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை.

இப்போது பேர்ணில் நடக்கும் வெளியீட்டு விழாவில் நயப்புரை சொல்ல என்னையே கூப்பிட்டிருந்தார். மறந்துபோய்க் கூப்பிட்டாரா, இல்லை, சபையில் வைத்து மானத்தை வாங்கவா?

"நீங்கள் இசையைப் பற்றிக் கதைச்சுப்போட்டு இறங்குங்கோ," என்றாள் மனைவி.

அந்த எண்ணத்தோடுதான் மேடையேறினேன். ஆறு பாட்டையும் வாயாரப் புகழ்ந்தேன். ஏழாவதுக்கு வந்ததும் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"அண்ணை, அந்தக் கறியைப் போட்டவன் நான். தெரிஞ்சுதான் போட்டனான்."

முன்வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

"எனக்குத் தெரியுமடா தம்பி. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டனான். ஊரில அவ சாம்பலாப் போயிட்டா. இஞ்ச எனக்கு இன்னும் மூண்டு நாள் உயிரோட இருந்தவ."

அந்த மூன்று நாளுக்குள் அவர் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இங்கே உயிரோடிருந்த அந்த மனுசிக்கு அதைச் சுவிஸ் முத்திரை ஒட்டி, ஊர் முகவரிக்குத் தபாலில் சேர்த்தவனும் நான்தான்.