சிங்க் தூளும் சந்திரகலாவின் டார்ச் லைட்டும்

மலேசியாவின் ஷா ஆலம் நகரில் வெயில் காப்புக் களிம்பு செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் சந்திரகலா ஒன்பது ஆண்டுகளாகத் தரப் பரிசோதகர். வயது நாற்பத்தாறு. காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருகிறாள். வேலை ஒப்பந்தத்தை ஆண்டுக்கொருமுறை புதுப்பிப்பார்கள். அவளை நிரந்தரமாக்க இன்றுவரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

களிம்பைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. முன்பு வந்த சரக்கு கறுத்த தோலில் சாம்பல் பூசியதுபோல நிற்கும். அசிங்கமாக இருக்கிறதென்று துடைத்துவிடுவார்கள். துடைத்தபின் காப்பு ஏது? வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களை நினைக்காமலே செய்த வெயில் காப்பு அது. இப்போது சிங்க் ஆக்சைடைத் தலைமுடித் தடிமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காக, நானோ அளவில் செய்கிறார்கள். சாதாரண வெளிச்சம் அதைக் கடந்து போய்விடும். தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் மாட்டிக்கொள்ளும். பூசியது தெரியாது. வெயில் பட்டுத் துகள் வேண்டாத வேதிவினை செய்யாதிருக்க, ஒவ்வொன்றுக்கும் சிலிக்கா மேலுறை. காயமில்லாத தோலில் அது மேலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அத்தனையையும் தேடிப் படித்திருந்தாள்.

ஆனால் அதெல்லாம் களிம்பான பிறகு. மூட்டையில் வரும்போது அது தூள்.

அந்தத் தூளை நிறுத்துக் கொட்டுகிறவள் மாரியாயி. தூசியை உறிஞ்சும் பெட்டிக்குள் மூட்டையைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் நனைத்துக் கலக்கவேண்டும் என்பது விதி. அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அப்படியே கொப்பரையில் கவிழ்த்தால் இருபதே நிமிடம். எட்டு மாதத்துக்கு முன் உற்பத்தி மேலாளர் குகன் இருபது நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தான். உறிஞ்சும் பெட்டிமேல் காலி அட்டைப்பெட்டிகள் ஏறின.

ஒரு சாயங்காலம் சந்திரகலா மேல்மாடி ஆய்வகத்திலிருந்து கீழே கலவை அறைக்கு இறங்கியபோது, பெண்கள் காற்றுக்குழாயால் ஒருத்தி சட்டையை ஒருத்தி ஊதிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாரியாயி சாக்கின் அடியில் மிஞ்சிய தூளைத் தொட்டு முகத்தில் பவுடராகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"கடையில டியூப்பு என்ன வெல விக்கிது, பாத்தியா கலா? எனக்கு ஃப்ரீ லா! எல்லாச் சக்தியும் இதுலதானே இருக்கு?" சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"இருமல் எத்தன நாளா?"

"இந்தப் பாழாப்போன ஏர்கான்."

சந்திரகலாவின் அம்மா செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தவள். வாயில் துணி கட்டினால் போதும் என்றார் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி. ஐம்பத்தொரு வயதில் மூச்சுக்குத் திணறிச் செத்தாள். தலைவிதி என்றார்கள் உறவினர்கள். கவசம் வாங்கித் தராதவனுக்கு விதி என்று பெயர் வைத்ததை மகளால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவள்தான் எட்டு மாதமாகக் கீழே இறங்கிப் பார்க்காமலே ஒவ்வொரு தரப் படிவத்திலும் 'எண்ணெயில் நனைத்துக் கலக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மறுநாள் குகனைக் கலவை அறைக்கு அழைத்தாள்.

"என்னக்கா, லோரி வெயிட் பண்ணுது."

"ரெண்டு நிமிஷம்."

தூள் கொட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, டார்ச் லைட்டை அடித்தாள். ஒளி போன வழியெல்லாம் புகைபோலத் தூசி மிதந்தது. குகனின் கை தானாக மூக்குக்குப் போனது.

"ஏன் பொத்துறீங்க? இவங்க எட்டு மணி நேரம் இங்கதான் நிக்கிறாங்க."

"சேஃப்னு ரிப்போர்ட் குடுத்ததே நீங்கதானே?"

"தோலுக்குன்னு குடுத்தேன். நுரையீரலுக்குன்னு எப்ப எழுதினேன்?"

குகன் விளக்கைப் போட்டான். "அக்கா, சைன் பண்ணிடுங்க. டிசம்பர்ல உங்க காண்ட்ராக்ட் என் மேசைக்குத்தான் வரும்."

சந்திரகலா மேலே போனாள். படிவத்தில் அச்சிட்ட வரியை அடித்துவிட்டு, 'உலர்தூளாகக் கொட்டப்பட்டது. உறிஞ்சும் பெட்டி இயங்கவில்லை' என்று எழுதினாள். தனித்தாளில், கடந்த எட்டு மாதமும் தான் பார்க்காமல் கையெழுத்திட்டதாக ஒப்புக்கொண்டாள். இரண்டையும் சரக்கு வாங்கும் கம்பெனிக்கு அனுப்பினாள்.

அவர்கள் சரக்கை நிறுத்திவைத்தார்கள். குகன் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. ஆறாவது வாரம் நீல டிரம்கள் வந்து இறங்கின: முன்கூட்டியே எண்ணெயில் குழைத்த நானோ சிங்க் கூழ். கொட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். மாரியாயிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இருமல் குறைந்தது; முழுக்க நிற்கவில்லை.

டிசம்பரில் ஒப்பந்தம் வந்தது. பன்னிரண்டு மாதம் இருந்த இடத்தில் மூன்று மாதம். குகன் நிமிராமல் தாளை நகர்த்தினான். கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

கீழே மாரியாயி டிரம்மை முறைத்துக்கொண்டிருந்தாள். "உன்னாலதான்டி. இனிமே மூஞ்சில எதப் பூசறது?"

சந்திரகலா கோட்டுப் பையிலிருந்து, சோதனை முடிந்து மிஞ்சிய களிம்பு டியூப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"இதப் பூசுங்க. கஞ்சத்தனம் பண்ணாம நல்லா அள்ளிப் பூசுங்க."