பம்ப் நிற்கும் ஞாயிறுகள்

மைதிலியின் வீட்டுக் கொல்லையில் மீன் வளர்கிறது என்ற சேதி கீழச் சித்திரை வீதி முழுவதும் பரவ அதிக நாள் ஆகவில்லை. எதிர்வீட்டுக் கமலவல்லி கிணற்றடி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் கறுப்பாக மீன்கள். அதற்கு மேலே, கூழாங்கல் நிரப்பிய தட்டில் மண்ணே இல்லாமல் பாலக்கீரை. தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் மேலே ஏற்ற, அது கீரையின் வேரை நனைத்துவிட்டு மறுபடி தொட்டிக்குள்ளேயே சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது.

“என்ன மீன்டி இது?”

“ஜிலேபிக் கெண்டையாம்.”

“பேராவது நம்மாத்துப் பட்சணமா இருக்கே, அந்த மட்டும் க்ஷேமம்” என்றாள் கமலவல்லி. அடுத்து வலை எப்போது வாங்கப்போகிறாய் என்றும் கேட்டாள். ஆனால் மைதிலி நீட்டிய கீரைக்கட்டை வாங்கிக்கொள்ளவில்லை. மீன் கழிவைக் குடித்து வளர்ந்ததைப் பெருமாளுக்கு எப்படிக் கண்டருளப் பண்ணுவது என்பது அவள் சங்கடம். காவேரியில் மீன் இல்லையா என்று கேட்க மைதிலிக்கு வாய்வரை வந்தது, கேட்கவில்லை. ஒருத்திக்கு எவ்வளவு கீரைதான் வேண்டும்? மிச்சமானது தெருவில் வரும் பசுவுக்குப் போயிற்று.

தொட்டியை வைத்துக் கொடுத்தவன் மகன் சேது. கனடாவில் கால்கரியில் இருக்கிறான். அப்பா போன பிறகு வந்த முதல் கோடை விடுமுறையில், இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயேன் என்று மைதிலி கேட்டாள். டிக்கெட்டை மாற்ற முடியாதென்று சொல்லிவிட்டு, அந்தக் குறையை ஈடுகட்டுகிற மாதிரி இந்த வேலையில் இறங்கினான். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் குழாயை அறுத்து ஒட்டினான். மலைக்கோட்டைப் பக்கம் கண்ணாடித் தொட்டி மீன் விற்கும் கலீமிடம் சொல்லி குஞ்சு மீன்களைக் காற்றடைத்த பையில் வரவழைத்தான். அம்மாவுக்குப் பொழுதுபோக ஒன்று வேண்டுமல்லவா. கடைசியாகத் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் ஒரு கேமராவை மாட்டினான். பம்ப் நின்றால் அவன் செல்போனில் மணி அடிக்கும். அங்கிருந்தே தொட்டியைப் பார்த்துக்கொள்வான்.

கேமரா தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் மைதிலி தெரிய வேண்டுமானால் தொட்டிப் பக்கம் போனால்தான் உண்டு.

அவள் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரார் எல்லாரையும் வெளியூரார் எல்லாரோடும் லைனில் சேர்த்து வைத்தவள். மூன்று நிமிஷம் ஆனதும் இடையில் புகுந்து, நீட்டிக்கணுமா என்று கேட்டுவிட்டு விலகிவிடுவாள். அழைக்காத லைனில் நுழையக் கூடாது என்பது வேலையில் படிந்த பழக்கம், வேலை போன பிறகும் அது போகவில்லை. மகனுக்குத் தானாகப் போன் செய்ய மாட்டாள். அங்கே அவன் தூங்குகிறானோ, வேலையில் இருக்கிறானோ. அவன் கூப்பிடும்போது பேசுவாள். அவனோ ‘நல்லா இருக்கியா’ என்று ஒரு வரி அனுப்புவான். ‘இருக்கேன்’ என்று இவளும் ஒரு வரி அனுப்புவாள்.

மீனுக்கு என்ன போடுவது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் சனங்கள் மீனுக்குப் பொரிதான் போடுகிறார்கள், அவளும் சின்ன வயதிலிருந்து அதைத்தான் போட்டிருக்கிறாள். சேது வாங்கி வைத்திருந்த தீனி உருண்டையைப் பிரித்தால் கருவாட்டு நாற்றம். அதை அப்படியே கட்டிக் கிணற்றடி மூலையில் ஒதுக்கிவிட்டு, இரண்டு வேளையும் கைநிறையப் பொரியை அள்ளிப் போட்டாள். ஆற்றில் போட்டது ஆற்றோடு போகும். தொட்டியில் போட்டது எங்கே போகும்? ஊறி, உப்பி, அடியில் இறங்கி பம்பின் வாயை அடைத்தது. ஒரு ஞாயிறு காலை தண்ணீர் விழும் சத்தம் நின்றது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது.

“அம்மா, பம்ப் நின்னு போச்சு. என்னத்தைப் போட்டே?”

பொரி என்றதும் அவன் சிரித்த சிரிப்பை அவள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பம்பைக் கழற்றச் சொன்னான், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னான். அவள் தேய்க்கத் தேய்க்க அவன் பேசிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற பனியை வீடியோவில் காட்டினான். வத்தக்குழம்புக்கு வெந்தயம் எப்போது போடுவது என்று கேட்டான். அன்று முழுக்க மைதிலிக்குப் பசிக்கவே இல்லை.

அன்றிலிருந்து கருவாட்டு நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு கொட்டாங்குச்சியில் தீனி அள்ளிப் போட்டாள். தண்ணீர் தெளிந்தது, மீன்கள் கொழுத்தன. பம்ப் ஒழுங்காக ஓடியது. போன் அடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பித்த பிறகு கொல்லைக்கு வந்தவள் தொட்டியோரத்துச் சுவிட்சுப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பம்பின் சுவிட்சை மட்டும் அணைத்தாள்.

போன் அடித்தது.

மின்சாரம் வந்து வந்து போகிறது என்று சொன்னாள். அவன் தன் வேலை, சம்பளம், அவள் முட்டிவலி எல்லாம் பேசினான். அதன் பிறகு சில ஞாயிறுகள் இப்படியே போயின. அவள் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். புது பம்ப் பார்சலில் வந்தது. எலக்ட்ரீஷியன் வீரமலையை அவனே ஆன்லைனில் தேடிப் பிடித்து அனுப்பினான். வீரமலை எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, “லைன்ல ஒரு குறையும் இல்லைங்கம்மா. மீனுதான் உங்களைப் பிடிக்கலைன்னு சுவிட்சை அணைக்குது போல” என்று சிரித்தான். மைதிலி அவனுக்குக் காப்பி கொடுத்த கையோடு கொல்லைக் கதவைச் சாத்தினாள்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு ஞாயிறு. வழக்கம்போல் சுவிட்சை அணைத்துவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள். அடிக்கவில்லை. அங்கே சனிக்கிழமை ராத்திரி, எங்காவது போயிருப்பான், இதோ பார்ப்பான் என்று இருந்தாள். மீன்கள் ஒவ்வொன்றாக மூச்சுக்கு மேலே வந்து வாயைத் திறந்து மூடின. அவள் பார்க்காததுபோல் பார்த்தாள். இப்போது சுவிட்சைப் போட்டுவிட்டால் அவன் கூப்பிட மாட்டான். இன்னும் கொஞ்சம். கோயில் கோபுரத்து நிழல் எங்கோ சுருங்கிப்போய், வெயில் தொட்டிமேல் நேராக விழுந்தது. பெரிய மீன் ஒன்று மல்லாந்து வயிற்றைக் காட்டியதும்தான் பதறிப்போய் எழுந்து சுவிட்சைப் போட்டாள்.

தண்ணீர் விழுந்தது. மற்றவை கீழே இறங்கின. அது இறங்கவில்லை.

வாழ்நாளில் மீனைத் தொட்டறியாதவள், அதை வாழையிலைக் கிழிசலில் எடுத்து நந்தியாவட்டைச் செடியடியில் புதைத்தாள். தீட்டு உள்ள வீட்டில் செய்கிற மாதிரி தலைக்குக் குளித்தாள். ஈரத் தலையோடு, அங்கே என்ன நேரம் என்று கணக்குப் பார்க்காமல், மகனுக்குப் போன் செய்தாள்.

“அம்மா? என்னாச்சு? உனக்கு ஒண்ணும் இல்லையே?” தூக்கத்திலிருந்து எழுந்தவனின் குரல். வேளைகெட்ட வேளையில் ஊரிலிருந்து போன் வந்தால் அவனுக்கு வேறு எதுவும் தோன்றாது. அப்பா போன சேதியும் அப்படித்தான் வந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லே. மீன் ஒண்ணு போயிடுத்து. பம்பை நான்தான்டா நிறுத்தினேன். எல்லாத் தடவையும்.”

“தெரியும்மா. கரண்ட் போனா கேமராவும்னா போகணும்? ஒரு தடவை உன் கையே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா கூப்பிட்டே?”

“நீ என்னைக் கூப்பிடறதா எடுத்துண்டேன்.”

“இன்னிக்கு?”

“பார்த்தேன். ரொம்பக் களைப்பா இருந்தது. எப்பவும் நீயே சுவிட்சைப் போட்டுடுவியேன்னு படுத்துட்டேன்.”

அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு கேமராவின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி அலமாரியில் போட்டாள். சற்று நேரத்தில் ஒரு வரி வந்தது: ‘கேமரா ஆஃப் ஆயிடுத்து.’ நான்தான் எடுத்தேன், மீனை நான் பார்த்துக்கறேன் என்று பதில் அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு தளிகை முடிந்து கொல்லைக்கு வந்தாள். தீனி போட்டாள். மீன்கள் மேலே வந்து கவ்விக்கொண்டு இறங்கின. கீரை முற்றிப் போயிருந்தது, பறித்துக் கட்டி வைத்தாள். போன் அடிக்கவில்லை. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. சுவிட்சுப் பெட்டிக்கு முதுகைக் காட்டி, கல்லில் உட்கார்ந்து, அவன் எண்ணை அழுத்தினாள். அங்கே மணி போயிற்று. எடுக்கவில்லை. இன்னும் போயிற்று.

யாராவது எடுக்கிறவரை லைனில் காத்திருப்பது அவளுக்குப் புதிய வேலை இல்லை.